பூவம்மாவின் கிணறு

சிராங்கூன் சாலை மாட்டுக் கொட்டிலில் உச்சி வெயில் காய்கிறது. பூட்டிய கிணற்று மூடியின் மேல் பூவம்மா உட்கார்ந்திருக்கிறாள். செத்துப்போன அப்பாவின் சொத்தை நேற்றுத்தான் பிரித்தார்கள். கொட்டிலும் மாடுகளும் அண்ணன்கள் இருவருக்கும் போயின. மகளுக்கும் ஏதாவது கொடுங்கள் என்று பெரியவர்கள் சொன்னபோது, கிணறு போதும் என்றாள் இவள். அண்ணன்கள் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். இன்று மாடுகள் காய்ந்த தொட்டியை நக்கிவிட்டுக் கத்துகின்றன. ஒரு கன்றின் வாயோரம் நுரை வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. சின்னவன் பரமசிவம் காலி வாளியோடு தரையைப் பார்த்து நிற்கிறான். மூத்தவன் மருதப்பன் அவள் அருகே வருகிறான்.

"வாயில்லா ஜீவனுங்க, பூவு. அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"அப்பா என்ன பாவம் பண்ணாரு? சாகும்போது அவர் என்னைக் கூப்பிட்டது வாசல்ல நின்ன எனக்கே கேட்டுச்சு. இஷ்டப்பட்டவரைக் கட்டிக்கிட்டேன்னு நீங்க கதவைத் திறக்கல." அவள் குரல் உயரவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுக்கிறாள். "தண்ணி தரேன். ஆனா என் கிணத்துல குடிக்கிற மாடு இனி என் மாடு."

மருதப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கன்று முன்னங்கால் மடங்கிச் சரிகிறது. பரமசிவம் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அண்ணனைப் பார்க்காமலே, தன் பங்கு மாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து அவளிடம் ஓட்டுகிறான். பூவம்மா எழுந்து சாவியைப் பூட்டில் நுழைக்கிறாள். இன்னும் திருப்பவில்லை. மருதப்பனின் கையும் தன் மாடுகளின் கயிற்றை அவிழ்க்கப் போகும்வரை அவள் காத்திருக்கிறாள்.