கீழ்த்தாடை, இடது பக்கம்

"சாதாரண நீர்க்கட்டிம்மா. சுரண்டி எடுத்து, நாலு தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பு. ஒரு மணி நேர வேலை" என்றார் பெரிய டாக்டர்.

சின்ன டாக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டியிருந்த எக்ஸ்ரே படத்தின் அருகே போய் நின்றாள். கீழ்த்தாடை எலும்புக்குள், கடைவாய்ப் பல்லின் பின்னால் தொடங்கி, கோரைப்பல் வரை கறுப்பாக ஒரு நிழல் நீண்டிருந்தது.

"யாரோட படம் சார்? பேரே காணோமே?"

"எனக்கு வேண்டப்பட்டவர். அறுபத்திரண்டு வயசு. வேண்டப்பட்டவங்களுக்கு நான் கத்தி வைக்கிறதில்ல. நீதான் பண்ணணும்."

"அந்த இடத்துப் பல்லைச் சோதிச்சீங்களா?"

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஜில்லுன்னு தண்ணி பட்டா கூசுது."

"அப்ப பல் உயிரோட இருக்கு. பல் வேருல வர்ற சாதாரணக் கட்டின்னா பல் செத்திருக்கணும். எலும்பும் வெளிப்பக்கமா உப்பியிருக்கும். இது எலி வளை தோண்டின மாதிரி உள்ளுக்குள்ளேயே நீளமா போயிருக்கு. அபூர்வமா வர்ற ஒரு வகைக் கட்டியா இருக்குமோன்னு சந்தேகப்படுறேன் சார். அதைச் சும்மா சுரண்டினா போகாது. கட்டியைச் சுத்தியிருக்கிற உறையில நூலளவு மிஞ்சினாலும் திரும்ப வந்து நிக்கும்."

பெரிய டாக்டரின் முகம் கடுகடுத்தது. அவர் சொன்னதை அந்த அறையில் யாரும் மறுத்துப் பேசி அவள் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு, அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் கையெழுத்துக்காக மேசைமேல் காத்துக் கிடந்தது.

"சரி, மகராசி. நீ என்ன பண்ணுவே?"

"முதல்ல சின்னதா ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவேன். அந்த வகைதான்னு உறுதியானா, கட்டியில நீர் வடிய ஒரு குழாய் வெச்சு, தினமும் கழுவச் சொல்லுவேன். ஏழெட்டு மாசத்துல சுருங்கும். அப்புறம் உறையோட முழுசா எடுத்துட்டு, சுத்தியிருக்கிற எலும்பையும் லேசா இழைச்சு விடுவேன். பத்து வருஷத்துக்கு வருஷாவருஷம் படம் எடுத்துப் பார்க்கணும்."

"பத்து வருஷமா! எழுபத்திரண்டு ஆயிடும்மா அவருக்கு."

"ஆகட்டுமே சார். எழுபத்திரண்டுலயும் சொந்தப் பல்லால மென்னு சாப்பிடட்டும்."

அவர் சிரிக்கவில்லை. "கட்டிக்குக் கீழே நரம்பு ஓடுது. அது கெட்டுப்போனா உதடு மரத்துப்போகும். அவர் நாளெல்லாம் பேசிப் பிழைக்கிற மனுஷன்."

"அதனாலதான் அவசரப்பட வேண்டாங்கிறேன். கட்டி சுருங்கினா நடுவுல புது எலும்பு வளரும். நரம்பு பத்திரமா இருக்கும்."

"குழாயும் கையுமா எட்டு மாசம் அலைய முடியுமா? ஊர் சிரிக்காது? நான் சொல்றபடி செய்வியா, மாட்டியா?"

மேசைமேல் இருந்த காகிதம் அவள் கண்ணில் பட்டது. பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"மாட்டேன் சார். தெரிஞ்சே தப்பு பண்ண எனக்குக் கை வராது. வேற யாரையாவது கூப்பிடுங்க. ஆனா அந்த மனுஷரை ஒரு தடவை என்கிட்ட அனுப்புங்க. நானே பேசிப் புரிய வைக்கிறேன்."

அப்போது நர்ஸ் கதவைத் தட்டிவிட்டு நோட்டோடு உள்ளே வந்தாள். "நாளைக்கு ஒன்பது மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் காலியா இருக்கு. என்னன்னு எழுதிக்கட்டும் சார்?"

பெரிய டாக்டர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ்த்தாடைக் கட்டி. துண்டு எடுத்துப் பரிசோதனை" என்றார் கடைசியில். "என் பேரை எழுதிக்கோங்க."

சின்ன டாக்டருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வழிக்கு வந்தவர், நோயாளியை மட்டும் தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாரே!

"ஆபரேஷன் பண்றவர்ங்கிற இடத்துல உங்க பேர். அப்படித்தானே சார்?" என்று நர்ஸ் பேனாவைத் திறந்தாள்.

"அந்த இடத்துல இவங்க பேரை எழுதுங்க" என்று அவர் தன் இடது தாடையைத் தடவிக்கொண்டார். "என் பேரு நோயாளி இடத்துல."