இரண்டு பேருக்கு ஒரு வீடு

"மருமகன், வெளிநாட்டில நாட்டுப்புறமா ஒரு வீடு பாக்கோணும். ஒரு கிழமைக்கு, ரெண்டு பேருக்கு. வாடகை மட்டும் கையைக் கடிக்கப்படாது."

முத்தலிப் மாமா இதைச் சொன்னபோது நிப்றாஸ் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். புரையேறிவிட்டது.

"ஆருக்கு மாமா?"

"ஒரு புருசன் பொஞ்சாதிக்கு. கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து ரெண்டு பேரும் தனியா ஒரு இடமும் போனதில்ல. கூச்சப்பட்ட சனங்கள், வாய் விட்டுக் கேக்கமாட்டாங்க. மிச்சத்தப் பிறகு சொல்றன்."

சொல்லிவிட்டு மாமா வெட்கத்தோடு சிரித்தார். நிப்றாஸுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இப்படியொரு மாமனார் யாருக்குக் கிடைப்பார்!

மாமாவின் மகள் அம்ராவைக் கலியாணம் முடித்து எட்டு மாதம். கிண்ணியாவில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவது வழக்கம். அவனும் ஒரு சூட்கேஸோடு வந்து சேர்ந்தான். கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. மைமூனா மாமி இறாலும் நண்டுமாக ஆக்கிப் போட்டதில் அவனுடைய பெல்ட் இரண்டு ஓட்டை தள்ளிப் போய்விட்டது. ஆனால் அது பழைய வீடு. அறைச் சுவர்கள் முக்கால் உயரத்தோடு நின்றுவிட்டன; அதற்கு மேலே கூரை எல்லோருக்கும் பொது.

ஒருநாள் அறைக்குள் அம்ராவிடம், "தலை இடிக்குது" என்று மெல்ல முணுமுணுத்தான்.

"பனடோல் அலுமாரியில இருக்கு மருமகன்" என்று அடுத்த அறையிலிருந்து மாமா சொன்னார்.

அன்றிலிருந்து புருசனும் பெண்சாதியும் ஒரே கட்டிலில் இருந்துகொண்டு வட்ஸ்அப்பில்தான் கதைத்துக்கொண்டார்கள். அவளோடு ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் தனியாக இருக்கக் கிடைத்தால் போதும் என்று அவன் ஏங்கிக்கொண்டிருந்தான்.

தேடல் தொடங்கியது.

"இதப் பாருங்க மாமா. தாய்லாந்து. வயலுக்கு நடுவுல மரவீடு."

"வயல் பாக்கக் காசு குடுக்கிறதா? கிளிவெட்டிப் பக்கம் போனா சும்மா பாக்கலாம்."

"அப்ப கடற்கரைக் கிராமம்?"

"கடல் காணாத ஆக்களா நாம?"

மூன்றாம் நாள் மலேசியாவில், கேமரன் மலையில், ஒரு தோட்டத்து வீடு அகப்பட்டது. சுற்றிவர ஸ்ட்ரோபெரிச் செடிகள், காலையில் பனிமூட்டம். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதிரையை நெருக்கிப் போட்டார்.

"சுவர் கூரையை முட்டுதா?"

நிப்றாஸின் காது சூடாகியது. "முட்டுது மாமா."

"பக்கத்து அறையில ஆக்கள்?"

"ஒருத்தரும் இல்ல. தனி வீடு."

"அப்ப இதுதான்! வாடகையக் கொஞ்சம் இறக்கப் பாருங்க."

வீட்டுக்காரப் பெண்ணுக்கு, 'புதுமணத் தம்பதி' என்று நிப்றாஸ் எழுதினான். அவள் மனமிளகிக் கால்வாசி வாடகையைக் குறைத்தாள். கட்டிலில் ரோஜா இதழ் தூவி வைப்பதாகவும் பதில் போட்டாள். அந்த வரியை மட்டும் அவன் மாமாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

"பேர், டிக்கட், விசா எல்லாம் நான் பாத்துக்கொள்றன்" என்றார் மாமா.

'நமக்குத்தான்!' என்று அம்ராவுக்கு வட்ஸ்அப் பறந்தது.

'ஓம், ஓம்! உம்மா ஒரு குளிர் ஜக்கெட் வாங்கி என்னப் போட்டுப் பாக்கச் சொன்னவ. எனக்கு அளவெண்டாச் சரியாம்.'

'பாஸ்போட்?'

'எல்லார்ட பாஸ்போட்டும் வாப்பாட அலுமாரிக்குள்ளதானே கிடக்கு.'

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு ஏழு நாள் லீவு இலேசில் கிடைக்குமா? நிப்றாஸ் மூன்று ஞாயிற்றுக்கிழமை மேலதிக வேலை செய்து வெயிலில் காய்ந்தான். மேலாளரின் கையையும் காலையும் பிடித்தான். லீவுக் கடிதத்தில் கையெழுத்து விழுந்த அன்று, வரும் வழியெல்லாம் மோட்டார் சைக்கிளில் பாடிக்கொண்டே வந்தான்.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் வேன் வந்து நின்றது. நிப்றாஸ் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், மாமா புதுச் சேட்டு போட்டுக்கொண்டு முற்றத்தில் நிற்கிறார். மாமி ஏற்கனவே வேனுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறார். வழியனுப்ப விமான நிலையம் வரைக்கும் வருகிறார்களே என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமா அவனுடைய சூட்கேஸைப் பார்த்தார்.

"நீங்க எங்க மருமகன் வெளிக்கிட்டீங்க?"

"மலேசியாவுக்கு... நீங்கதானே மாமா..."

"அல்லாஹ்வே!" என்று மாமா தலையில் கை வைத்தார். பிறகு வேன் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தார்.

"முப்பத்தொரு வருசத்துக்கு முந்தி நானும் இந்த வீட்டுக்கு மருமகனாத்தான் வந்தனான். முதல்ல இவட உம்மா வாப்பா. பிறகு அம்ரா. இப்ப நீங்க. இவவோட ஒரு வார்த்த தனியாக் கதைக்க எனக்கு இண்டைக்கு வரைக்கும் ஏலாமக் கிடக்கு மகன்!"

சாவிக்கொத்தை அவன் கையில் திணித்துவிட்டு மாமா வேனில் தாவி ஏறினார். வேன் பாலத்துப் பக்கம் திரும்பி மறைந்தது. நிப்றாஸ் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முற்றத்தில் நின்றான்.

"இஞ்சாருங்க! உள்ளுக்கு வாங்க!"

அம்ராதான் கூப்பிட்டாள். நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். தன் மனைவிக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பதே தெரியாமல் எட்டு மாதம் குடித்தனம் நடத்தியவன், சூட்கேஸை முற்றத்திலேயே போட்டுவிட்டு ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினான்.