பாடத்துணை கொடுத்த கணக்கு

வானியலை முதன்மைப் பாடமாக எடுக்கும் ஆசையைக் கைவிடுவதாகச் சொல்லத்தான் ஆரிபா பேராசிரியையிடம் போனாள். வீட்டிலிருக்கும் பாடத்துணை இயந்திரம் தினமும் கொடுக்கும் இயற்பியல் கணக்குகள் அவளுக்குப் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. நேற்று அழுதுகொண்டே மூடிவைத்த கணக்கைக் காட்டினாள்.

“இது எம்.எஸ்சி. பிள்ளைங்களே திணறுற கணக்கும்மா. முதல் வருஷத்துப் பொண்ணுக்கு இத யாரு குடுத்தா?” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து பாடத்துணையைக் கேட்டாள். சின்ன வயதில் நட்சத்திரப் பெயர்கள் சொல்லி அவளைத் தூங்கவைத்த அதே குரலில் பதில் வந்தது.

“வாப்பாதான் கஷ்டமானதாக் குடுக்கச் சொன்னாங்க. வானியல் வேணாம்னு அவங்க சொன்னா நீ சண்டை போடுவியாம். வரலன்னு நீயா விட்டுட்டா பிரச்சினை இல்லையாம்.”

நேற்று டீ போட்டுக் கொடுத்து, தலையைத் தடவி, “எல்லாருக்கும் எல்லாம் வந்துருமா மவளே, விடு” என்றதும் வாப்பாதான்.