பெண் பார்த்த ஜீப்

"என் ஜீப் முப்பத்தெட்டு வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் நின்னிருக்கு. அதுவும் கோளாறுல இல்ல. பொண்ணு பிடிச்சுப்போய் நின்னுது."

ரின்சன் இப்படிச் சொன்னதும், கூடாரத்துக்குள் புளித்த குதிரைப்பால் குடித்துக்கொண்டிருந்த நான்கு அண்டைவீட்டுக்காரர்களுக்கும் புரையேறியது. வெளியே நின்ற ஆடுகளும் சிரித்திருக்கும். கோபிப் பாலைவனத்து ஜூலை வெயிலில் அவற்றுக்குத் தெம்பில்லை.

சிரிக்காதவர் ரின்சனின் மச்சான் தாம்பா ஒருவர்தான். வட்டாரத்துக்கே ஒரே மெக்கானிக். அவர் மடியில் புத்தம் புது எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் ஒன்று கைக்குழந்தை மாதிரி படுத்திருந்தது.

மறுநாள் ரின்சனும் அவர் மனைவி யாஞ்மாவும் பழைய ரஷ்ய ஜீப்பில் மகள் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். நானூறு கிலோமீட்டர் பொட்டல். ஜீப்பின் பம்ப்போ எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு, எஞ்சின் சுற்றினால் தானும் ஆடுகிற அந்தக் காலத்து பம்ப். இந்த வெயிலில் அதற்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும், வண்டி நின்றால் தன் அறுபது வயதுத் தங்கை யாஞ்மா மணலில் கருவாடாகிவிடுவாள் என்பது தாம்பாவின் கவலை.

ரின்சன் மசியவில்லை. ஒரு ஒயர் அறுந்தால் எலக்ட்ரிக் பம்ப் பிணம் என்றார். தன்னுடையதற்கு ஒயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால் பூட்ஸ் தோலை வெட்டி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம் என்றார். கால்நடை ஆபீஸ் டிரைவராக இருந்த காலத்தில், பேசிய வார்த்தை உறைந்து காலடியில் விழுகிற குளிரில் இதே பம்ப்போடு ஓட்டியிருக்கிறாராம். கழுகே சுற்றிக்கொண்டு போகிற மணல்மேட்டை நேராக ஏறியிருக்கிறாராம்.

அந்த ஒரு தடவை மட்டும் நின்றது. அப்போது அவருக்கு இருபத்துநாலு வயது. வழியில் யாஞ்மாவின் அப்பா கூடாரத்தில் டீ குடிக்க இறங்கினார். குடித்துவிட்டு வந்தால் வண்டி கிளம்பவில்லை. மூன்று நாளில் பம்ப்பை நாற்பது முறை கழற்றிப் பூட்டினார். ஒரு பூட்ஸை வெட்டிச் சவ்வு செய்து போட்டார். ஒற்றைக்காலில் பூட்ஸோடு திரிந்தார். நாலாம் நாள் காலை, "சரி, பொண்ணைக் கூட்டிட்டுப் போ" என்று பெரியவர் தலையாட்டினார். அரைமணியில் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது.

இந்தக் கதை சுற்றுவட்டாரத்தில் குதிரைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் நம்பியவர் யாருமில்லை. அதிலும் கொஞ்சமும் நம்பாமல் பேசுபவள் யாஞ்மாதான். அவர் கதையைத் தொடங்கும்போதெல்லாம், "ஜீப்புக்கு என்ன தெரியும்? டிரைவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று டீயைக் கலக்கிக்கொண்டே முடித்துவைப்பாள். அவர்தான் வண்டியைக் கெடுத்துவிட்டு நாடகம் ஆடினார் என்று ஊரும் தீர்மானித்துவிட்டது.

ஊர் சொன்னதை ரின்சன் ஊதித் தள்ளிவிடுவார். இவளும் தன்னை ஏமாற்றுக்காரனாகவே நினைத்து முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்திவிட்டாளே என்பதுதான் உள்ளே முள்ளாக இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

தாம்பா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"மாப்ள, நேரா கேக்கறேன். அன்னிக்கு பம்ப் தானா செத்துதுன்னா, அதை நம்பி என் தங்கச்சிய அனுப்ப மாட்டேன். இப்பவே கழட்டிடுவோம். இல்ல, பம்ப் தங்கமானதுதான்னா, நீ எங்கப்பாவ ஏமாத்திதான் பொண்ணு கட்டிருக்க. ரெண்டுல எது?"

அண்டைவீட்டுக்காரர்கள் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ரின்சன் கதவு வழியாக ஜீப்பைப் பார்த்தார். அடுப்படியில் குனிந்திருந்த மனைவியைப் பார்த்தார். வாழ்நாளில் அவர் சின்னப் பொய் ஒன்றுகூடச் சொன்னதில்லை, சொன்னதெல்லாம் பெரிது. ஆனால் இது பொய்யே இல்லை. அதை நிரூபிக்க, அந்த பம்ப்பைக் காட்டிக்கொடுப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை.

தாம்பாவின் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"கழட்டிடு மச்சான். அது பழுதுன்னே இருக்கட்டும். நான் யாரையும் ஏமாத்தல."

தாம்பா எழுந்தார். கதவைத் தாண்டுவதற்குள் யாஞ்மாவின் குரல் தடுத்தது.

"ஸ்பேனரை உள்ள வை அண்ணா. வண்டி தானா நின்னுதுன்னு இவரு சொல்றது சத்தியம். இவரு கையே வைக்கல. பம்ப்லயும் ஒரு குறையும் இல்ல."

"ரெண்டும் இல்லன்னா அப்புறம் எப்படிடி நிக்கும்?"

யாஞ்மாவின் முகம் அறுபது வயதில் புதுப்பெண்ணாகச் சிவந்தது. கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இவரு டீ குடிச்சிட்டிருந்தப்ப, வண்டிக்கு அடியில பூந்து டாங்க்கிட்ட இருக்கற ரப்பர் குழாய்ல கம்பளி தைக்கிற ஊசியால நாலு குத்து குத்தினேன். அப்பா சரின்னதும் தோலைச் சுத்தி இறுக்கிக் கட்டிட்டேன். இது உறிஞ்சுற பம்ப்போ, ஓட்டை வழியா காத்தைத்தான் உறிஞ்சுச்சு, ஒரு சொட்டு வெளிய வரல. நீ வச்சிருக்கியே, டாங்க்கிட்டயே உக்காந்து பெட்ரோலைத் தள்ளுற பம்ப், அது மட்டும் இருந்திருந்தா ஓட்டையில பீச்சியடிச்சு, முதல் நாளே நான் அப்பாகிட்ட மாட்டியிருப்பேன்."