பதினாலாம் வீட்டுப் படலை

மத்தேயு மாதா சுரூபத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் வீட்டு முற்றத்தில் இறங்கினார். அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை.

செபமாலை சொல்லி முடித்த கூட்டம் முழுதும் அவருக்குப் பின்னால் நின்றது. பாட்டு எடுக்க வேண்டிய றஞ்சனி வாயைத் திறக்கவில்லை. எல்லார் கண்ணும் அன்பியத் தலைவி சுசிலாவின் மேல் இருந்தது.

இன்னும் ஒரே ஒரு வீடுதான் பாக்கி.

அடுத்த வளவுதான். நடுவில் ஒரு கிடுகு வேலி. இருமினால் கேட்கிற தூரம். ஆனால் அந்த வீட்டுக்காரி மத்தேயுவோடு கதைத்து இரண்டு வருஷம்.

தொண்ணூறில் முல்லைத்தீவுக் கரையை விட்டு வந்து, வட்டக்கச்சி வாய்க்கால் ஓரமாகக் கொட்டில் போட்டவை இந்தப் பதினாலு குடும்பங்களும். அவற்றைச் சேர்ந்து செபிக்கும் ஓர் அன்பியமாக்கிச் சுசிலாவின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார் சுவாமியார். தொடக்கத்தில் செபத்துக்கு வந்தவர்கள் நாலு பேர். அதிலும் ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்கவென்று பாதியில் எழும்பிப் போய்விடுவாள்.

செபமாலை மாதமான ஒக்டோபர் பிறந்ததும் சுசிலா ஒரு சட்டம் போட்டாள்.

மாதா வரிசையாக வீட்டுக்கு வீடு போய், கடைசி வீட்டிலிருந்து கோயிலுக்குத் திரும்ப வேண்டும். வைத்திருந்த வீட்டுக்காரர் தன் கையாலேயே கொடுக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரி வாசல் படலைக்கு வந்து, வாய் திறந்து கூப்பிட்டு, தன் கையாலேயே வாங்க வேண்டும். நடுவில் ஆள் வைக்க முடியாது.

அந்தச் சட்டம் என்ன பாடு படுத்தியது! மூன்றாம் வீடும் நாலாம் வீடும் கிணற்றடியில் சண்டை பிடித்துக்கொண்டவை. நாலாம் வீட்டுக்காரி தான் வராமல் மகளை அனுப்பினாள். சுசிலா விட்டாளா? கொட்டுகிற மழைக்குள் அரை மணித்தியாலம் எல்லாரையும் நிற்க வைத்தாள். கடைசியில் அவளே வந்து கையை நீட்டினாள். இப்போது இரண்டு வீட்டுக்கும் ஒரு கேத்திலில்தான் தேத்தண்ணி.

வாசிக்கக் கூசியவர்கள் எழுந்து நின்று வேதாகமம் வாசித்தார்கள். காணிக்காரர் மயில்வாகனம் சைவக்காரர். அவர்கூட நாள் தவறாமல் செவ்வரத்தம்பூ கொண்டுவந்து கொடுத்தார். நாலு பேரில் தொடங்கியது, இன்று எண்ணினால் ஐம்பது தலைக்கு மேல் இருக்கும். சுசிலாவுக்குப் பெருமை தாளவில்லை.

பதினாலாம் வீட்டுக்காரி மட்டும் மசியவில்லை.

அவள் பக்கமும் நியாயம் இருந்தது. மனுசனைக் கடல் கொண்டுபோன பிறகு, இரண்டு பெண்பிள்ளைகளையும் ஒரு தையல் மெசினை வைத்தே வளர்த்தவள். ஊரை விட்டுக் கடல் வழியாகக் கிளம்பிய அன்று, பாரம் தாங்காமல் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறியது. வள்ளத்தை ஓட்டியவர் மத்தேயு. ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெசினை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டார்.

வள்ளம் மிதந்தது. அவளுடைய பிள்ளைகளோடு சேர்த்து இருபத்தொரு உயிர் கரை சேர்ந்தது.

அவர் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததில்தான் கோபம் இன்னும் கூடிப்போனது. சரியான காரியம் செய்தவரை வாய்விட்டுத் திட்டவும் முடியாதே. அவரும் அதற்குப் பிறகு வந்து ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை.

இந்த மாதம் முழுக்கச் சுசிலா அவளோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். அரிசி களையும்போது சொல்லிப் பார்த்தாள். தண்ணீர் அள்ளும்போது சொல்லிப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் சொன்ன புத்தி அவளிடம் மட்டும் எடுபடவில்லை.

றஞ்சனி மெல்லக் கிட்ட வந்தாள்.

"அக்கா, இப்பிடியே நேரா கோயிலுக்குக் கொண்டுபோவம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

சொல்லமாட்டார்கள்தான். அதுதான் சுசிலாவுக்குப் பயமாக இருந்தது. இன்றைக்குப் பதினாலாம் வீட்டைத் தாண்டிப் போனால், அன்று மழையில் நனைந்த நாலாம் வீட்டுக்காரியின் முகத்தில் எப்படி முழிப்பது? அடுத்த மாதம் மறுபடியும் நாலு பேர்தான் வருவார்கள்.

அவள் மத்தேயுவைப் பார்த்தாள். சீமெந்துச் சுரூபம், நல்ல பாரம். அவருடைய கைகள் நடுங்கின. ஆனாலும் கீழே வைக்கவில்லை.

அந்த மெசினைத் தூக்கியபோதும் அவர் கை இப்படித்தான் நடுங்கியது. இவ்வளவு நாளும் அது நினைவுக்கு வராமல் போனதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சுசிலா செபக் கொப்பியை றஞ்சனியின் கையில் திணித்துவிட்டு, பாட்டைத் தொடங்கச் சொல்லிக் கைகாட்டினாள். ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். சேற்றில் ஒரு செருப்பு கழன்றது. திரும்பிப் பார்க்கவில்லை. பதினாலாம் வீட்டுப் படலைக் கயிற்றில் கை வைத்தாள்.

காலையில் தான் கட்டிவிட்டு வந்த முடிச்சுத்தானே. ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.

கூட்டத்துக்குள் நின்ற சுசிலாவின் இரண்டு மகள்மாரும் அம்மா என்று கத்திவிட்டார்கள்.

உள்ளே மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. மெசின் இல்லாததால், ஊசியும் நூலுமாக அவளே உட்கார்ந்து விளிம்பு தைத்த துணி. போன கிழமையே தைத்து வைத்துவிட்டாள். கூப்பிடத்தான் இதுவரை வாய் வரவில்லை.

சுசிலா இரண்டு கையையும் நீட்டினாள்.

"வாங்கோ மத்தேயு அண்ணை, உள்ளுக்கு வாங்கோ."

பாட்டு எழும்பிய சத்தத்தில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் விதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

சட்டப்படி மத்தேயு சுரூபத்தைக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை. இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.