கிரீச்சிட்ட பெஞ்சு

பூங்கா மூலையில் கிடந்த மரப் பெஞ்சுக்கு, யாராவது வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசினால்தான் பொழுது போகும். ஒருநாள் அதன் காலடிச் சரளையில் ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டது.

"அண்ணே, குஞ்சு பொரிக்க ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் யாரையும் உட்கார விடாதீங்க. ஒரு செருப்புக்கால் பட்டாலும் போச்சு" என்று கெஞ்சியது.

பெஞ்சுக்கு மனசில்லை. ஆனாலும் அன்று முதல், யார் உட்கார்ந்தாலும் ஒடிந்துவிடுவதுபோலக் கிரீச்சிட்டது. பதறி எழுந்தவர்கள் எதிரிலிருந்த சிமெண்டுப் பெஞ்சுக்குப் போனார்கள்.

குஞ்சுகள் பொரிந்து புல்வெளிக்குப் போன மறுநாள், பெஞ்சு மூச்சுக் காட்டாமல் காத்திருந்தது. வழக்கமாக வருபவர் ஒருவர் உட்காரப் போனார்.

"அதுல வேண்டாம் சார், ஒடஞ்சது" என்று கூட வந்தவர் இழுத்துப் போனார்.

அடுத்த வருஷம் குருவி தயங்கித் தயங்கிக் கேட்டது: "இந்தத் தடவையும் இங்கேயே முட்டையிடட்டுமா அண்ணே?"

"இடு தாயி" என்றது பெஞ்சு. "இனிமே நான் கிரீச்சிடக்கூட வேண்டியதில்ல."