குரலுக்கு உரியவர்

"வெட்கத்தை விட்டுச் சொல்றேன் மேடம். என் பெண்டாட்டி வீடு வீடா ஃபோன் பண்ணி ஓட்டுக் கேக்கறா. ஆனா கேக்கறது அவ இல்ல."

எதிரே உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக் இப்படித்தான் ஆரம்பித்தார். உரிமைப் புகார் அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலையிலிருந்து அவள் கேட்பதெல்லாம் இதே புலம்பல்தான். ஒரு காமெடி நடிகரின் சிரிப்பை யாரோ மூல வியாதி மருந்து விளம்பரத்தில் போட்டுவிட்டார்கள். செத்துப்போன ஒரு பாடகரின் குரலுக்கு மூன்று மகன்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

மனிதர்களின் குரலைப் பதிந்து வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் வாடகைக்கு விடும் கம்பெனி அது. குறையோடு வருகிறவர்களிடம் "நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. எட்டு வருஷமாக அதைத்தான் செய்கிறாள், பாவத்தைக் கூட்டிக்கொண்டு.

மெக்கானிக் லேசில் விடுகிற ஆளாக இல்லை. அவர் மனைவி இருபது வருஷம் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவளாம். ஊரில் பாதிப் பேர் அவளிடம் அடி வாங்கிப் படித்தவர்கள். அந்தக் குரலை ஒரு கட்சி வாடகைக்கு எடுத்து, "டீச்சர் பேசறேன்ப்பா" என்று ஆரம்பித்து ஓட்டுக் கேட்கிறது. எதிர்க்கட்சிக்காரரைத் திருடன் என்கிறது. டீச்சரே சொல்கிறார்களே என்று ஒரு கூட்டம் நம்புகிறது. இன்னொரு கூட்டம் நேற்று சாயங்காலம் வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டது. பத்து வருஷம் பழகிய பக்கத்து வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள்.

"அவ வாசலுக்குக்கூட வர்றதில்ல மேடம். செய்யாத தப்புக்குத் தலைகுனிஞ்சு உக்காந்திருக்கா. இருக்கற கொஞ்ச மானத்தையாவது மீட்டுக் கொடுங்க."

அதிகாரி ஒப்பந்தத்தைத் திரையில் எடுத்தாள். நான்கு வருஷத்துக்கு முந்தையது. பத்து நாள் பதிவு. பதினேழாம் பக்கத்தில், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே டீச்சரின் அழகான கையெழுத்து.

"ஊருக்கே பாடம் நடத்தினவங்க, இதைப் படிக்காமயா கையெழுத்துப் போட்டாங்க?"

"அப்ப இருந்த நிலைமைல படிக்கத் தோணல மேடம். எங்களுக்கு வேற வழியும் தெரியல."

பணக்கஷ்டம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். இங்கே குரல் கொடுத்த எல்லாரும் சொல்வதுதான். மேலே தோண்டினால் மனிதர் அழுதுவிடுவார் போலிருந்தது. விட்டுவிட்டாள்.

போன மாதம் ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது. குரலுக்கு உரியவர் கேட்டால் கம்பெனி அதை நீக்கியே ஆக வேண்டும். இப்படி ஒன்று இருப்பதை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. அவளும் இதுவரை விட்டதில்லை. அன்றைக்குச் சொன்னாள். ஒரு நாளாவது யார் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போகவேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

உரியவர்தானா என்று பார்க்க, ஃபோனில் ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். மெக்கானிக் உடனே வீட்டுக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, விஷயத்தைச் சொன்னார். கொஞ்சம் பொறுத்துப் பதில் வந்தது.

"எதுக்குங்க வம்பு? பெரிய இடத்து விவகாரம். பேசாம வந்துடுங்க."

கடைசி பெஞ்சும் கப்சிப் என்று அடங்கிவிடும், அப்படி ஒரு குரல். மெக்கானிக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தார். அதிகாரி வாக்கியத்தைப் படித்துக் காட்டினாள். மறுபடி கொஞ்ச நேரம். அப்புறம் டீச்சர் தட்டுத் தடுமாறாமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். திரையில் நூற்றுக்கு நூறு பொருத்தம் என்று வந்தது. தொண்ணூற்றைந்தைத் தாண்டி அதிகாரி பார்த்ததே இல்லை. டீச்சர்னா டீச்சர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பிரசாரத்திலிருந்து மட்டும் எடுத்தால் போதுமா, எல்லாவற்றிலிருந்துமா என்று படிவம் கேட்டது. மெக்கானிக் திருதிருவென்று முழித்தார்.

"முழுசா எடுத்துடலாம் சார். இன்னிக்குக் கட்சி, நாளைக்குப் பற்பசைக்காரன். ஒரு இடம் பாக்கி வைக்க வேணாம்," என்றாள் அதிகாரி.

"நீங்க சொன்னாச் சரி மேடம்."

ஏழு நாள் காத்திருக்கவேண்டும் என்பது விதி. அவளே தன் பொறுப்பில் அதைத் தள்ளுபடி செய்தாள். பதிவுகளும் சேர்ந்து அழியும், திரும்பக் கிடைக்காது என்று கம்ப்யூட்டர் இரண்டு முறை எச்சரித்தது. இரண்டு முறையும் 'ஆம்' என்று அழுத்தினாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த நாற்காலியில் உட்கார அவளுக்குப் பிடித்திருந்தது.

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல செய்தியை முதலில் வீட்டுக்குச் சொல்லவேண்டும் என்று அங்கேயே ஃபோனைப் போட்டார்.

"நான்தான்மா. முடிஞ்சுது. எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க."

பதில் இல்லை. யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு கண்ணாடியில் நகம் தட்டுகிற சத்தம். ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறம் விடாமல்.

"லைன் சரியில்லையோ?" என்றாள் அதிகாரி.

மெக்கானிக் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ எழுதினா ஃபோன்தான் மேடம் பேசும்," என்றார் மெதுவாக. "தொண்டைல புற்றுநோய்னு குரல்வளையை எடுக்கறதுக்கு முன்னாடி உங்க கம்பெனில பதிஞ்ச குரல் அது. அவ ஃபோன்ல இருக்கறதை நீங்க ஒண்ணும் பண்ணலையே மேடம்?"